விதிகளை எண்ணியது போதும்: உலக வங்கியின் செயல் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயல் இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகளின் வளர்ச்சியை நீதிமன்றம், நிலப்பதிவு, வரி வசூல், தணிக்கை போன்ற அமைப்புகளின் தரமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை நீங்களும் மறுப்பதில்லை. 2024-இல் பொருளியல் நோபல் பரிசும் இத்தகைய ஆய்வுக்கே கிடைத்தது. என் முறையீடு, அந்தத் தரத்தை நீங்கள் அளக்கும் விதத்தைப் பற்றியது.

நாடுதோறும் தொழில் நடத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க 2003 முதல் நீங்கள் வெளியிட்டுவந்த 'டூயிங் பிசினஸ்' அறிக்கை பெரும்பாலும் ஏட்டிலிருந்த விதிகளையே எண்ணியது. அதன் தரவரிசையில் நான்கு படி ஏறுவதற்கென்றே சட்டத்தைத் திருத்திய அரசுகள் உண்டு. தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டு 2021-இல் அதைக் கைவிட்டீர்கள், நல்லது. 2024-இல் வந்த அதன் வாரிசு நடைமுறையையும் கணக்கில் கொள்கிறது என்றாலும், அது தொழில் நடத்துவோர் காணும் நடைமுறையோடு நின்றுவிடுகிறது.

இதைவிட நல்ல வழியை உங்கள் ஆய்வாளர்களே எப்போதோ காட்டிவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, ஊதியம் நீங்கலாக, மாணவர் எண்ணிக்கைக்கேற்ப மைய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடு மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று, பள்ளிப் பதிவேடுகளையும் அரசுக் கணக்கையும் ஒப்பிட்டு அவர்கள் கண்டறிந்தார்கள். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசும் வரவில்லை. மாவட்ட அளவிலேயே பணம் கரைந்துபோயிருந்தது. பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளிகளும் தமக்கு வந்த தொகையைப் பொதுப் பார்வைக்கு ஒட்டிவைத்தன. 2001 வாக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. (நாளிதழ் அறிவிப்பு மட்டுமே இதைச் சாதித்தது என்று நான் வாதிட மாட்டேன், அதே ஆண்டுகளில் நிதி நிர்வாகமும் இறுக்கப்பட்டது.)

ஆகவே, ஒரு சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் தாக்கலானதையே சீர்திருத்தமாகக் கொண்டு கடனை விடுவிக்கும் வழக்கத்தைக் குறைத்து, பணம் கடைசி வாசல்வரை போனதா என்று பார்க்கும் கள ஆய்வை ஒவ்வொரு துறைக் கடனிலும் கட்டாயமாக்குங்கள். அதன் முடிவுகளை அந்தப் பள்ளியின் பெற்றோரும் அந்த மருத்துவமனையின் நோயாளிகளும் படிக்கும் மொழியிலேயே வெளியிடுங்கள். கணக்குக் காட்ட மறுக்கும் அமைச்சகத்தைத் தண்டிப்பதாக எண்ணி பள்ளிக்கான பணத்தை நிறுத்திவிடாதீர்கள். அமைச்சகத்தின் இதர கடன்களை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
பொதுநிதிக் கணக்குகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்