உன் அட்டவணை கிடைத்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீ அனுப்பிய அட்டவணையை அப்பா பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு விஷயத்திலும் இடப்பக்கம் உன் கருத்து, வலப்பக்கம் உங்கள் எம்.பி. போட்ட ஓட்டு, கடைசியில் இருவருக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு விழுக்காடு. அதன் கீழே, "அம்மா, அங்கே உள்ள எம்.பி.யை வைத்து நீயும் இப்படி ஒன்று போட்டு அனுப்பு, பார்க்கலாம்" என்று ஒரு வரி. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், உன் முதுகு வலி என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் எம்.பி. என்று நீ எழுதியதில் தவறில்லை. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம் என்று அப்பா படித்துச் சொன்னார். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே போடலாமாம். அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லையாம். உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ கேட்டபடி முதலில் என் கருத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எம்.பி.யின் ஓட்டைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் நமக்கே தெரியாமல் சாய்ந்துவிடும். நீயும் அந்த வரிசையில்தான் செய்தாயா? இடப்பக்கம் நிரம்பிவிட்டது. வலப்பக்கம்தான் நிரம்பவில்லை. சோம்பல்பட்டுச் சொல்லவில்லை, அப்பாவைக் கேள்.

மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்பார். ஒரு பக்கம் 'ஆம்' என்று ஒரு சத்தம், மறுபக்கம் 'இல்லை' என்று ஒரு சத்தம். எது பெரிது என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதுவே முடிவு. யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்று எங்கும் எழுதிவைப்பதில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது, ஓட்டை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 29-ல் அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் விவாதமே இல்லாமல் குரலில்தான். விவசாயிகள் ஓர் ஆண்டுக்கு மேல் சாலையில் உட்கார்ந்த விஷயம். அது சட்டமானபோதும் ரத்தானபோதும் நம் எம்.பி.யின் பெயர் ஒரு பக்கத்திலும் பதிவாகவில்லை. இதில் நான் எதை எதோடு ஒப்பிடுவது?

பெயர் பதிவாவது டிவிஷன், அதாவது ஓட்டை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால்தான். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் எண்ணியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நாடாளுமன்றத்தைக் காட்டும் சன்சத் டிவியில் பார்த்திருக்கிறாயா? மேஜையில் பொத்தான்கள் இருக்கின்றன: பச்சை ஆம், சிவப்பு இல்லை, மஞ்சள் நடுநிலை. நிறப் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. இன்னொரு பொத்தானையும் கூடவே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாவது மணி அடிக்கும்வரை இரண்டு கையையும் எடுக்கக் கூடாது. அப்படியும் சிலருக்குத் தவறாகப் பதிவாகிவிடும், சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்துவார்கள். அந்தப் பட்டியல் அவை நடவடிக்கைக் குறிப்பில் பெயர் பெயராக அச்சாகிறது. அதைத்தான் தேடித் தேடிப் படித்தேன்.

கிடைத்தவற்றிலும் சிக்கல். பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள். 2019 ஜனவரி 8, மக்களவையில் ஆதரவு 323, எதிர்ப்பு 3. படித்தால் நாடே ஒரே குரலில் பேசியது போலத் தோன்றும். அ.தி.மு.க. அன்று எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. வெளிநடப்பை உன் அட்டவணையில் எந்தப் பத்தியில் போடுவாய்? இல்லை என்று போட்டால் பொய். ஆம் என்று போட்டால் பெரிய பொய். அவையில் இருந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. வெளியே போகிறவர் தன் ஓட்டை இழப்பதோடு நிற்பதில்லை, எதிராளி தாண்ட வேண்டிய அந்த உயரத்தையும் குறைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் பத்திரிகையில் மட்டும் 'கடும் எதிர்ப்பு' என்று வரும். எனக்கு இந்த வெளிநடப்பைக் கண்டாலே எரிச்சல்.

மகளிர் இடஒதுக்கீட்டில் வேறு சிக்கல். 2023 செப்டம்பர் 20, 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. நம் எம்.பி. ஆம், நானும் ஆம். நூற்றுக்கு நூறு பொருத்தம் அல்லவா? ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, அதை வைத்துத் தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். என் 'ஆம்' இடஒதுக்கீட்டுக்கு. அந்த ஒத்திவைப்புக்கு என் பதில் 'இல்லை'. ஒரு பொத்தானில் இரண்டையும் எப்படி அழுத்துவது?

எல்லாவற்றுக்கும் மேலே கொறடா, எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர். 1985-ல் 52-வது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் போடாமல் ஒதுங்கினாலும் பதவி போகலாம். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். விலை பேசி ஆளை இழுப்பதை நிறுத்தக் கொண்டுவந்தார்கள், அந்தக் காலத்தில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் ஆட்சி கவிழும் ஓட்டுக்கும் சாதாரண மசோதாவுக்கும் ஒரே தண்டனை என்று வைத்துவிட்டார்கள். 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் விழுந்ததே, அப்படிப்பட்ட நாளில் கட்டுப்பாடு வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வேன். (அன்றிலிருந்து உன் பெரியப்பாவும் அப்பாவும் எப்படி இருந்தார்கள் என்று உனக்கே தெரியும்.) ஏதோ ஒரு வாரிய மசோதாவுக்கும் அதே கயிறு எதற்கு? ஆகவே நம் எம்.பி.யின் ஓட்டை என் கருத்தோடு ஒப்பிட்டால், நான் ஒப்பிடுவது அவர் கட்சித் தலைமையோடுதான். அவர் உள்ளே என்ன நினைத்தார் என்பது அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தால் உண்டு.

கொஞ்சம் தெரியும் இடம் வேறு இருக்கிறது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவருபவை) எல்லாவற்றையும் தொகுத்துத் தருகிறது. கேள்வியைக் கொறடா எழுதித் தருவதில்லை. நம் எம்.பி. எதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார் என்று பார்த்தேன், மனிதர் கொஞ்சம் தெரிந்தார். தனிநபர் மசோதா இன்னும் நல்ல அளவுகோல். வெள்ளிக்கிழமை பிற்பகலில், பாதிப் பேர் விமானம் பிடிக்கப் போன பிறகு எடுத்துக்கொள்வார்கள். இதுவரை அப்படிச் சட்டமானவை பதினான்குதான், கடைசியாக ஆனது 1970-ல். 2015 ஏப்ரல் 24-ல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியதே, பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதா அது. அதையும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேற்றினார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு பிறகு தன் மசோதாவைக் கொண்டுவந்தது.

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உங்கள் எம்.பி. ஓட்டுப் போடாத இடங்களையெல்லாம் உனக்கு எதிரான ஓட்டாகக் கணக்கிட்டிருக்கிறாய். அங்கே மணி அடித்து எட்டு நிமிடத்தில் கதவைச் சாத்திவிடுவார்களாம், அதற்குள் 'ஆம்' கூடத்துக்கோ 'இல்லை' கூடத்துக்கோ நடந்து போய்ச் சேர வேண்டுமாம். உடம்பு முடியாதவர், பயணத்தில் இருப்பவர், பிள்ளை பெற்றவர் எல்லோரும் 'வரவில்லை'தான். 2019 ஜனவரியில் துலிப் சித்திக் என்ற அங்குள்ள எம்.பி. பிரசவ அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு, நிறைமாதத்தில் சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டார். அதன் பிறகுதான் பதிலாள் மூலம் ஓட்டுப் போடும் ஏற்பாடு வந்தது. வராததற்குக் காரணம் தெரியாமல் ஒருவரைக் குறை சொல்லக் கூடாது. பல மாதங்களாக வராத பிள்ளைகளைப் பற்றியும் நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. 2024 நவம்பர் 29-ல், இறுதிக் கட்ட நோயாளிகள் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் மசோதாவுக்கு 330-க்கு 275 என்று ஓட்டு விழுந்தது. அன்று கொறடா உத்தரவு இல்லை, அவரவர் மனசாட்சிப்படி. உன் எம்.பி. யார் என்று தெரிய வேண்டுமானால் அந்த ஒரு ஓட்டு போதும். மற்றவை பெரும்பாலும் அவர் கட்சி. அங்கேயும் கயிறு இருக்கிறது: அந்த ஆண்டு ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற வரம்பை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்களைக் கட்சி வெளியே நிறுத்தியது. ஆனால் அவர்களின் எம்.பி. பதவி போகவில்லை. இப்படி இருக்க, அந்த நவம்பர் மசோதாவுக்கு நேரே உன் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறாய், கணக்கிலும் சேர்க்கவில்லை. பாட்டியின் கடைசி மாதங்களில் பக்கத்தில் இருந்தவள் நீதான். ஏன் காலியாக விட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. விழுக்காட்டை மட்டும் நம்பாதே.

நீ உங்கள் எம்.பி.க்குக் கடிதம் எழுதியதும், அவர் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பியதும் எங்களுக்குப் பெருமை. நீ அனுப்பிய அந்தப் பதில் கடிதத்தின் படத்தை அப்பா காட்டாத ஆள் இங்கே இல்லை. முன்பின் தெரியாதவருக்கு இரண்டு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கிறது, நல்லதுதான்.

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வாக்குச்சாவடி அலுவலர் நவம்பரில் வந்தார். உன் பெயர் அச்சிட்ட படிவத்தையும் கொடுத்தார். வீட்டில் உள்ள பெரியவர் கையெழுத்துப் போடலாம், போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. இங்கே வசிக்காதவளை வசிப்பதாக எழுதுவது சரியல்ல என்று நான்தான் தடுத்தேன். வரைவுப் பட்டியலில் உன் பெயர் இல்லை, இடம்பெயர்ந்தோர் பட்டியலில் இருக்கிறது. அப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆனால் வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 6ஏ படிவம். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியிலேயே பெயர் சேர்ப்பார்கள். நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். பதிலாள் மூலம் போட 2018-ல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, மாநிலங்களவைக்குப் போய் அது காலாவதியாகிவிட்டது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அங்கே ஓட்டுப் போட இந்தியப் பாஸ்போர்ட்டே போதும் என்று மேலே எழுதினேன் அல்லவா, ஆகவே இதில் உனக்குச் சிரமம் இருக்காது. மாப்பிள்ளை போன வாரம் பேசும்போது ஏதோ விழா, ஏதோ தேதி என்று சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். என்ன விழா என்று நான் கேட்கவில்லை.

படிவத்தை அப்பா எடுத்துவைத்திருக்கிறார். உன் ஒளிப்படம் ஒன்று, பாஸ்போர்ட்டில் உன் படமும் முகவரியும் உள்ள பக்கங்கள், விசா உள்ள பக்கம், எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு நகல் அனுப்பு. அனுப்ப முடியாது என்றால், முடியாது என்று எழுது. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா