உப்பளத்துப் பெண்ணும் ரேயும்: தம்பிக்கு ஒரு கடிதம்

டிராலி, அயர்லாந்து
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். அம்மா, அப்பா, ஆச்சி, நீ எல்லாரும் நலம்தானே? ஆச்சி முழங்கால் வலிக்குத் தைலத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்காமல் ஒரு தடவை டாக்டரிடம் காட்டச் சொல்.

நீ அனுப்பிய கதையைப் படித்துவிட்டேன். இரவு டியூட்டி முடிந்து வந்ததும் தூங்காமல் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணை வைத்து அறிவியல் புனைகதை எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெருமையாக இருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாக அவளுக்கு எப்படி இத்தனை சக்தி வரும், நம்ப முடியவில்லை என்று உன் நண்பர்கள் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தாய். அவர்களுக்கு நீ இரண்டு பதில் சொன்னாயாம். ஒன்று, புதிய ஸ்டார் வார்ஸ் படங்களின் கதாநாயகி ரேக்கு வரவில்லையா? இன்னொன்று, ஞானசம்பந்தர் மூன்று வயதில் பாடவில்லையா? நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். ஃபோனில் முடியாது, அதனால்தான் கடிதம்.

அம்மாவும் படிப்பாள் என்பதால் முதலில் ஊர்ச் செய்தி. இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டுத்தான் தூங்குகிறோம். மழை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நாள் முழுக்கத் தூறும். கடற்காற்று குடையைத் திருப்பிவிடுவதால் தொப்பி வைத்த கோட்டுதான் எல்லாருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெரியவர், சின்னவர் எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். எனக்கும் அது பழகிவிட்டது. வார்டில் என்னோடு இருப்பவர்களில் கேரளத்துக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் அதிகம். வாடகைதான் கடுமை. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம்.

சரி, இனி உனக்கான செய்தி. ஸ்டார் வார்ஸின் பழைய நாயகன் லூக் ஒளிந்திருந்த தீவுக்குப் போய் வந்துவிட்டேன்! ஸ்கெல்லிக் மைக்கேல் என்று பேர். கூட வேலை பார்க்கும் பெண்ணின் காரில் போர்ட்மகீ என்ற சின்னத் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து படகு. கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் அட்லாண்டிக் அலை குடலைப் புரட்டி எடுத்துவிடும். கடல் சரியில்லை என்றால் படகை விடவே மாட்டார்கள். தீவில் இறங்க மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் அனுமதி, அதிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. ஏறும் முன்னால் வழிகாட்டி நிற்க வைத்து எச்சரிக்கை சொல்கிறார், ஏனென்றால் 600-க்கும் மேற்பட்ட அந்தக் கல் படிகளுக்குக் கைப்பிடி கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேரே கடல். மேலே தேன்கூடு மாதிரி கவிழ்ந்த கல் குடில்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்லின் மேல் கல்லை உள்வாங்கி அடுக்கி முடித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் உள்ளே மழைநீர் இறங்குவதில்லையாம். பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவத் துறவிகள் அங்கே பட்டினியும் பிரார்த்தனையுமாக இருந்திருக்கிறார்கள். 1996-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படத்தில் வரும் போர்க் என்கிற குட்டிப் பறவைகள் இருக்கிறதே, அவை பிறந்ததே இங்குள்ள பஃபின் பறவைகளால்தான். படப்பிடிப்பில் எங்கே கேமராவைத் திருப்பினாலும் பஃபின் நின்றிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்டவும் கூடாது. கடைசியில் அவற்றையே ஒரு கற்பனை உயிரினமாக மாற்றிவிட்டார்கள்.

உன் கதையைப் படித்த சூட்டோடு போனதால் படி ஏறும்போதெல்லாம் அதே யோசனைதான். 2015-ல் வந்த படம் ரே அந்தப் படிகளில் ஏறி, லூக்கிடம் வாளை நீட்டுவதோடு முடிகிறது. குருவிடம் வந்து சேர்வதற்கு முன்பே அவள் எல்லாம் செய்து முடித்திருக்கிறாள். ரசிகர்களுக்குள் சண்டை வருவதும் அங்கேதான்.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். வலு திடீரென்று வரலாம், அதை நான் நம்புவேன். கைவித்தை திடீரென்று வராது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்தப் பாட்டு முடிகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? நட்பு, இரக்கம், கொடை இதெல்லாம் பிறவிக் குணம் என்று முடியும். பழகி வருவது எது, கூடப் பிறந்தது எது என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறாள் ஔவை.

இதை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். வயதானவர்களுக்கு வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய், போட நரம்பு கிடைப்பது பெரும் பாடு. தோல் காகிதம் போல் இருக்கும். பச்சையாகப் புடைத்துத் தெரிகிற நரம்பு ஊசி பட்டதும் நழுவிப் போகும். கையில் பட்டையைக் கட்டி, கண்ணை விட்டுவிட்டு, விரல் நுனியால் அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும். எது பஞ்சு போல் அமுங்கி மீண்டு எழும்புகிறதோ அதுதான் நல்ல நரம்பு. அப்புறம் ஊசியைச் சாய்வாக உள்ளே விட்டு, பின்னால் ரத்தம் தெரிந்ததும் இன்னும் தாழ்த்தி, குழாயை மட்டும் முன்னே தள்ள வேண்டும். இதை யாரும் முதல் நாளிலேயே செய்ததில்லை. அதே வார்டில் புதிதாக வந்த பராமரிப்பு உதவியாளர் ஒருத்தி இருக்கிறாள். இரவு முழுக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிற மறதி நோய்ப் பாட்டி, இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும், அடங்கிவிடுகிறார். எங்களில் இருபது வருஷ அனுபவம் உள்ளவர்களால் அது முடியவில்லை. அது அவளோடு பிறந்தது. ஆனால் அவளிடம் ஊசியைக் கொடுத்தால் அவளும் மற்றவர்களைப் போல முதலிலிருந்துதான் பழக வேண்டும்.

ரேயை இந்தக் கண்ணோடு பார். ஜக்கூ என்ற கிரகத்தின் பாலைவனத்தில் தனியாக வளர்ந்தவள். விழுந்து கிடக்கும் போர்க்கப்பல்களின் வயிற்றுக்குள் கயிற்றில் இறங்கிச் சாமான் கழற்றி விற்று வயிறு வளர்த்தவள். அதனால் கப்பலின் உள்ளுறுப்பு அவளுக்குத் தெரிகிறது என்றால் நான் நம்புகிறேன். கையில் எப்போதும் கம்பு இருக்கிறது, சந்தையில் வம்புக்கு வந்தவர்களை அதை வைத்தே வீழ்த்துகிறாள். ஃபால்கன் விண்கப்பலை முதலில் கிளப்பும்போது தரையில் இடித்து, வளைவைத் தட்டி, தடுமாறித்தான் எழும்புகிறாள். அந்தத் தடுமாற்றம்தான் அதை நம்ப வைக்கிறது. பனிக்காட்டில் வில்லன் கைலோ ரென்னோடு சண்டையும் அப்படியே. அவன் அப்போதுதான் பெற்ற தகப்பனைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான், விலாவில் அந்தத் தகப்பனின் தோழன் சூவ்பக்கா துப்பாக்கியால் சுட்ட காயம், ரத்தம் பனியில் சொட்டுகிறது. அதே ஆயுதம் மற்ற வீரர்களைத் தூக்கி எறிவதை அதற்கு முன்பே படத்தில் காட்டியிருக்கிறார்கள். அவளோ வாளைக் கம்பு மாதிரிக் குத்தி, பின்வாங்கி, பள்ளத்தின் விளிம்பு வரை தள்ளப்பட்டு, அங்கேதான் ஒரு கணம் கண்ணை மூடி அந்தச் சக்தியை வரவழைக்கிறாள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

என்னால் ஏற்க முடியாதது வேறு. கட்டிப்போட்ட நிலையில், காவலுக்கு நிற்கும் வீரனின் மனத்தைத் திருப்பி, கட்டை அவிழ்த்துவிட்டுப் போக வைக்கிறாளே, அந்த இடம். முதலில் பலிக்கவில்லை, மூச்சை அடக்கி மறுபடி முயன்றதும் பலிக்கிறது. முயற்சி இருக்கிறது, சரி. ஆனால் லூக் ஸ்கைவாக்கரே வெறும் கட்டுக்கதை என்று எண்ணியிருந்த பெண் அவள். இப்படி ஒரு வித்தை உலகில் இருக்கிறது என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? அதற்குச் சற்று முன்னால் கைலோ அவள் மனத்துக்குள் நுழையப் பார்க்கிறான், அவள் எதிர்த்துத் தள்ளி அவன் மனத்துக்குள்ளேயே போய்விடுகிறாள். அங்கிருந்து எடுத்து வந்திருப்பாள் என்று நாமே ஒரு காரணம் கட்டிக்கொள்ளலாம். அந்த வேலையைப் படம் செய்திருக்க வேண்டும். அவள் எதையோ கண்டு திடுக்கிடுவது போல் ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால் போதும்.

லூக் மட்டும் என்ன பயிற்சி எடுத்தான் என்று நீ கேட்பாய், நியாயம்தான். 1977 படத்தில் கப்பலில் கண்ணை மறைத்துக்கொண்டு பறக்கும் பந்தோடு கொஞ்ச நேரம் வாள் பழகியதுதான் அவன் பயிற்சி. ஆனால் கடைசியில் அந்தப் படம் அவனிடம் கேட்டது மிகச் சின்ன விஷயம்: குறி பார்க்கும் கணினியை அணைத்துவிட்டு உள்ளே கேட்பதை நம்ப வேண்டும். சுடுகிற கை அவன் ஊரிலேயே பழகிய கை. 1980 படத்தில் பனிக்குகையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாளை வரவழைக்க எவ்வளவு திணறுகிறான் பார். குரு யோடாவிடம் பயிற்சியை முடிக்காமல் ஓடிப் போனவன், அந்தப் படத்திலேயே வலது கையை இழக்கிறான். சக்திக்கு ஒரு விலை இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ரேயின் சக்திக்கு விலையே இல்லை, அதுதான் என் பெரிய குறை.

அதற்காக அவளை மேரி சூ என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தப் பெயர் 1973-ல் பாலா ஸ்மித் என்பவர் ரசிகர் இதழில் எழுதிய ஸ்டார் ட்ரெக் கேலிக்கதையிலிருந்து வந்தது. அதில் மேரி சூ என்று குறையே இல்லாத பதினைந்தரை வயது லெப்டினன்ட் ஒருத்தி வருவாள். ரே அப்படி இல்லை. மேலும் 1999 படத்தில் ஒன்பது வயதுப் பையன் அனாகின் விண்கப்பலை ஓட்டிப் போய் எதிரியின் கட்டுப்பாட்டுக் கப்பலையே தகர்க்கிறான். அவனுக்கு அந்தப் பட்டம் இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லையே. அந்தப் படத்தில் ரத்தத்தைச் சோதித்து, சக்தியோடு தொடர்புள்ள மிடிக்ளோரியன் என்ற நுண்ணுயிர் 20,000-க்கு மேல் என்று விஞ்ஞானம் மாதிரி ஒரு விளக்கமும் கொடுத்தார்கள். அதனால் ஒருவருக்கும் நம்பிக்கை கூடவில்லை. நீ உன் கதையில் நுழைத்திருக்கும் விண்கல் கதிர்வீச்சுப் பத்தியும் அதே ரகம்தான், எடுத்துவிடு.

2017 படத்தில் ரேயின் பெற்றோர் யாரோ, குடிக்கக் காசு வேண்டி அவளை விற்றவர்கள் என்று சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது. எவ்வளவு நல்ல பதில் அது! 2019-ல் அதை மாற்றி, அவள் பேரரசன் பால்படைனின் பேத்தி என்றார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. என்ன குலம் என்று கேட்டுவிட்டுத் திறமையை அளக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பாலைவனத்தில் அவள் பட்ட பாடெல்லாம் ஒன்றுமில்லை, ரத்தம்தான் காரணம் என்று ஒரு கதை சொன்னால் நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

ஞானசம்பந்தர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கொடுத்தது யார் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது. பால் கொடுத்தவள் உமை. தகப்பனார் கோலை ஓங்கிக் கேட்டதும் குழந்தை கைகாட்டிப் பாடுகிறது. கேட்கிறவர்களும் கைகூப்பிக்கொண்டுதான் கேட்கிறார்கள். அறிவியல் புனைகதையை எடுத்துப் படிப்பவன் அப்படி வருவதில்லை, எப்படி என்று கேட்டுக்கொண்டே வருகிறான். நீ அந்தப் பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறாய், அவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன்னிடம் பதில் இருக்கிறது, நீதான் பயன்படுத்தவில்லை. பாத்தியில் நீர் எப்போது உப்பாகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவள் உன் பெண். மேகம் வருமுன்பே மழையை மோப்பம் பிடிப்பவள், ஒரு மழை வந்தால் வாராத உப்பெல்லாம் போய்விடும் என்பதால். வெள்ளை வெயிலில் கண் கூச நின்று பழகியவள். அவளுக்கு வரும் சக்தி முதலில் இவற்றின் வழியாக வரட்டும். மேற்பார்வையாளர் வாயைத் திறக்கும் முன்பே அவன் மனதில் இருப்பது, மழை வாடை மாதிரி அவளுக்குத் தட்டட்டும். இரும்பு லாரியைத் தூக்குவதெல்லாம் ஐந்தாம் அத்தியாயம் வரை வேண்டாம். முதல் தடவை அவள் வேண்டாத நேரத்தில் வரட்டும், வேண்டும்போது வராமல் போகட்டும். அப்புறம் அவளிடமிருந்து எதையாவது எடு. கண்ணே மங்கலாம். உப்பளத்தில் ஏற்கெனவே கூசிக்கூசிக் கெட்டுப்போன கண்தானே, படிப்பவர் உடனே நம்புவார்.

டூன் நாவலைத் தேடிப் படி. 1965-ல் வந்தது. அதன் நாயகன் பால் அட்ரெய்டீஸுக்கு வருங்காலம் தெரிகிற இடம் வருவதற்குள், தாயிடம் அவன் குழந்தையிலிருந்து பழகியது, பாலைவனத்து மசாலா, பல தலைமுறைத் திட்டம் என்று எவ்வளவு அடித்தளம் போட்டிருக்கிறார் ஃபிராங்க் ஹெர்பர்ட் என்று கவனி. தெரிவதே அவனுக்கு எப்படித் துன்பமாகிறது என்பதையும் பார்.

ஐந்தாம் பக்கத்தில் அவளும் அவள் அம்மாவும் வெடித்த காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பேசுவதை மட்டும் தொடாதே, அப்படியே இருக்கட்டும். மாற்றி எழுதிய பகுதியை அடுத்த வாரத்துக்குள் அனுப்பு, எனக்குச் செவ்வாய், புதன் இரண்டு நாளும் லீவு. அம்மாவிடம் சொல், பார்சலில் வந்த வத்தல் உடையாமல் வந்து சேர்ந்தது, மாவடு பாட்டில் மட்டும் கொஞ்சம் கசிந்திருந்தது. அடுத்த முறை மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா