வாடகை வராவிட்டால் பூட்டில் கை வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"பூட்டை மாத்திப் போடுங்கோ ரீச்சர், தன்ர பாட்டில எழும்பிப் போவினம்." கடந்த வருடம் திருநகரில் எனக்கு இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. கரண்டைத் துண்டிக்கச் சொன்னவர்களும் உண்டு.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் முன்வளவில் கட்டிய இரண்டு அறை வீட்டை, மரக்கறி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாவுக்குக் கொடுத்திருந்தேன். தெரிந்த சனம்தானே என்று எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை. ஐந்து மாதம் வாடகை வரவில்லை. என் மருந்துச் செலவு அந்தக் காசில்தான் ஓடியது. ஒருநாள் புதுப் பூட்டு வாங்கியே விட்டேன்.

நல்லகாலம், அதற்கு முதல் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வாடகைக்கு இருப்பவரை நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வெளியே தள்ளினால், அவர் இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடலாம் என்றார். பலவந்தமாக வெளியேற்றியது உறுதியானால் நீதிமன்றம் அவரைத் திரும்பவும் குடியிருத்தும். வாடகை பாக்கி அந்த வழக்கில் எடுபடாது. சொந்த வீட்டுக்கு நானே எதிராளியாக நின்றிருப்பேன்!

சட்டத்தரணி சொன்னபடி, வீட்டை விடும்படி ஒரு முழு மாத அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பிறகு, பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் இணக்க சபைக்கு எழுதிக் கொடுத்தேன். அங்கே சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார்கள். அந்தத் தம்பி கடன்பட்டு வியாபாரம் முறிந்த கதையை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். மகளின் பள்ளித் தவணை முடிய வீட்டை விடுவதென்றும், பாக்கி 75,000 ரூபாவை மாதம் 5,000 வீதம் தருவதென்றும் எழுதிக் கையெழுத்து வைத்தார். சொன்ன நாளில் திறப்பைத் தந்தார். பாக்கியில் முதல் இரண்டு மாதக் காசும் வந்துவிட்டது. இணங்காமல் போயிருந்தால் சபையின் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றம் போயிருப்பேன். அது வருடக்கணக்காக இழுபடும்.

வன்னியில் வீடு, கடை வாடகைக்குக் கொடுக்கும் எல்லோரிடமும் கேட்கிறேன், வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். அப்படி எழுதிக் கொடுத்த இடத்தை, காலம் முடிந்தும் விடாதவரிடமிருந்து விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. எங்களுடையது உறுதிக் காணி. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிக்காரர் குத்தகை எழுத முதல் பிரதேச செயலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கிராம அலுவலர்கள் இணக்க சபை கூடும் நாளையும் இடத்தையும் தங்கள் அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டி வைத்தால் பெரிய உதவியாக இருக்கும். அது எங்கே கூடுகிறது என்று அறியவே எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநகர், கிளிநொச்சி.