கயிற்றை வெட்டாதவருக்கும், கட்டியே வைத்திருந்தவருக்கும்

அன்று ஐஸ் ஹாக்கி ரிங்கில் இருந்த எல்லோருக்கும் வணக்கம்.

லைன்ஸ்மேனாக, அதாவது கோடுகளைக் கவனிக்கும் நடுவராக, நின்ற என் காலில் பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) வந்து அடித்ததை நீங்களே பார்த்தீர்கள். கணுக்காலில் இப்போது இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. துள்ளாமல் இருக்கத்தான் பக்கை உறைய வைக்கிறார்கள், எடையும் 170 கிராமுக்கு மேல் போகாது. எலும்புக்கு அதெல்லாம் தெரியுமா! மற்றபடி நலம்.

முதலுதவிக்கு ஓடிவந்தவர்கள், ஸ்டிக்கைத் தட்டி என்னை வழியனுப்பிய இரண்டு அணியினர், ஆம்புலன்ஸில் கூடவே வந்த ஸ்கோர்கீப்பர், தினமும் போனில் விசாரிப்பவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்திருந்த அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர். சற்று முன்புதான் அவர்கள் அணிக்கு ஆஃப்சைடு விசில் அடித்திருந்தேன், பெஞ்சிலிருந்து நல்ல வசவும் வாங்கியிருந்தேன். ஸ்கேட்டை வெட்டி எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மெழுகு பூசிய கயிறு, நனைந்து இறுகிக் கிடந்தது. சின்னக் கொக்கியால் மேலிருந்து கயிறு கோத்த ஒவ்வொரு துளைக் கண்ணாக நெம்பினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இழுக்கட்டுமா?" என்று கேட்டார். நான் தலையாட்டிய பிறகுதான் இழுத்தார். கடைசிக் கண்வரை அப்படித்தான். பிறகு பூட்டின் நாக்கை முன்னால் மடக்கி, குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக் காலை வெளியே எடுத்தார். அந்த ஸ்கேட் இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் முழுசாக இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் திரும்பப் போவோம் என்ற நினைப்பு வருகிறது.

இங்கே இவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே மாற்று லைன்ஸ்மேன் ஐஸில் இறங்கிவிட்டார். முதல் பீரியடிலிருந்தே ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனிதர். 2020 பிப்ரவரியில் டொரண்டோவில் கரோலினா அணிக்காக அவசர கோல்கீப்பராக இறங்கி ஜெயித்த 42 வயது டேவிட் ஐர்ஸை ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். மாற்று நடுவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெட்கத்தோடு சொல்கிறேன். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறேன். 60 நிமிட ஆட்டம் முழுக்கக் குளிரில் சும்மா உட்கார வேண்டுமே என்றுதான்.

ஸ்கேட் கட்டலாம் என்று டாக்டர் சொல்லும் நாளிலிருந்து, முதல் பத்து ஆட்டத்துக்கு மாற்று ஆளாக என் பெயரைப் போட்டுவிடுங்கள். பட்டியல் போடுபவர் இதைப் படிப்பார், எனக்குத் தெரியும்.