பழைய காருக்கு எஸ்டிமேட் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும், கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் அட்வைசராக இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பதினைந்து வருடம் ஓடிய காரை இன்னும் வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு வேறு எடுப்பதா என்பதை வீட்டில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்வதில்லை. உங்கள் ஷெட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில்தான் அது முடிவாகிறது. "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க சார்" என்று நீங்கள் சொன்னால் அந்த வாரமே வண்டி கைமாறிவிடும். "இன்னும் பத்து வருஷம் அடிச்சுக்க முடியாது" என்றால் கேட்ட தொகையை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்கு அவ்வளவு கனம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியோடு இப்போது உங்களிடம் வருகிறவர்கள் அதிகம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2010, 2011-ல் கடன் வாங்கி முதல் கார் எடுத்த குடும்பங்களுக்கு அந்தக் கெடு வந்துவிட்டது. ஆர்சி புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதற்கு மேல் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் முன் பெயின்ட், லைட், டயர் என்று உங்களிடம் ஒரு செலவு. இத்தனையும் ஒரே மாதத்தில் வரும்போது எவருக்கும் கை தளர்ந்துவிடும். போதாததற்கு 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. ஷோரூம்காரர்கள் போனில் விடாமல் கூப்பிடுகிறார்கள்.

அப்போது ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் வரும். "வண்டியோட மார்க்கெட் ரேட்டே எண்பதாயிரம், அதுக்கு அறுபதாயிரம் செலவா?" நீங்களும் அதைச் சொல்கிறீர்கள். விற்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கு சரி. வைத்து ஓட்டப் போகிறவருக்கு அது பொருந்தாது. அவர் பார்க்க வேண்டியது, இந்தச் செலவைச் செய்யாமல் வேறு கார் எடுத்தால் வருடத்துக்கு எவ்வளவு போகும் என்பதை. 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,400 ரூபாய். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்கு ஆயுள் வரியே 13 சதவீதம். மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். ஆக, அறுபதாயிரம் ரூபாய் ரிப்பேர் என்பது ஆறு மாதத் தவணைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ரிப்பேர் இரண்டு வருடம் நிம்மதியாக ஓடக் கொடுக்குமானால் அது லாபம். நாலே மாதத்தில் அடுத்த அறுபதாயிரத்தோடு வந்து நின்றால் நஷ்டம்.

இரண்டில் எது நடக்கும் என்று எந்த வண்டிக்காரருக்கும் தெரியாது. இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. காரை லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்க்கிற உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனால் நீங்கள் எழுதித் தரும் எஸ்டிமேட்டில் அந்த விவரம்தான் இருப்பதில்லை.

எங்கள் ஆல்ட்டோ 2011 வண்டி. ஆர்சி புதுப்பிக்கும் முன் ஒரு முழு செக்கப் செய்யலாம் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். மாலையில் போனுக்கு ஒரு எஸ்டிமேட் வந்தது. கிளட்ச் செட், இரண்டு பக்க லோயர் ஆர்ம், இன்ஜின் மவுன்ட், ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ், இன்ஜெக்டர் கிளீனிங், டிகார்ப் (இன்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது), இன்ஜின் டிரெஸ்ஸிங் (இன்ஜினுக்கு வெளிப்பூச்சு), உள் அலங்கார சுத்தம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, கடைசியில் ஒரு மொத்தத் தொகை. எதைச் செய்யாவிட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும், எதைச் செய்யாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து மேசையிலேயே எக்ஸ்சேஞ்ச் பிரிவு. "இவ்வளவு செலவா என்று யோசித்தால் அங்கே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்" என்று கை காட்டினார்கள்.

வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதியில் தனியாக ஷெட் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். அவர் பானட்டை முதலில் திறக்கவே இல்லை. மேட்டை எடுத்துவிட்டு, ஓட்டுநர் காலடித் தகட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்கட்டையால் தட்டிக்கொண்டே போனார். வெளியே வந்து கதவுக்குக் கீழே உள்ள ரன்னிங் போர்டைத் தட்டினார். சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாக மாறியது. அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினார். பெயின்ட் உரிந்தது, தகடு உள்ளே போகவில்லை. அப்புறம் முன் சஸ்பென்ஷன் மேலே பாடியில் மாட்டும் இடத்தை டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "பாடி நல்லா இருக்கு. இனிமே மத்ததைப் பேசலாம்" என்றார். ஒரு பக்க லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்ததை என் விரலை வைத்தே தொட்டுப் பார்க்கச் சொன்னார். இன்னொரு பக்கம் ஒரு வருடம் போகும் என்றார். கிளட்ச் இன்னும் பிடிக்கிறது, வழுக்க ஆரம்பிக்கும்போது பார்க்கலாம். ஹோஸ்களை உடனே மாற்ற வேண்டும். டிகார்ப் வேண்டவே வேண்டாம்.

நான் கேட்பது அந்த வரிசையை. இப்போதே செய்ய வேண்டியது, மழைக்கு முன் செய்தால் போதும் என்பது, விட்டுவிடலாம் என்பது, அதன் பக்கத்தில் "இதைச் செய்தால் இவ்வளவு காலம் தாங்கும்" என்ற உங்கள் மதிப்பீடு. அது தப்பாகிப் போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டோம். மதிப்பீடு என்றால் மதிப்பீடுதான்.

அதே மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜினை இறக்கி ரிங் பிஸ்டன் போட்டு ஏற்றிவிடலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். பாடி அரித்துப் போனால் போனதுதான். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடல் காற்று அடிக்கிற ஊர்களில் உங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். தரைத் தகட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டு வைத்து வெல்டிங் அடிக்கலாம். சஸ்பென்ஷன் தாங்குகிற இடம் அரித்திருந்தால் அதற்கு மேல் ஒட்டுப்போட்டு பெயின்ட் அடித்து அனுப்பாதீர்கள். "இது முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டிகளும் அப்படித்தான். வயரிங்கில் பச்சை பூத்துவிட்டால் ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டே போவதில் முடிவே கிடையாது.

இன்னொன்றையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எஸ்டிமேட்டில் அதற்கு இடம் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநர் ஏர்பேக்கும் நம் நாட்டில் கட்டாயமானது 2019-ல். முன் சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கான ஏர்பேக் அதற்கும் பிறகு. 2011-ன் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் இவை எதுவும் இல்லை. எவ்வளவு செலவு செய்தாலும் ரிப்பேரில் வராது. டவுனுக்குள் மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில் என்று ஓடுகிற வண்டி என்றால் நன்றாகப் பராமரித்து வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாராவாரம் நான்குவழிச் சாலையில் நூறில் போகிற குடும்பம் என்றால், இன்ஜின் எவ்வளவு அருமையாக இருந்தாலும் மாற்றுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். வண்டி எங்கே ஓடுகிறது, யார் உட்காருகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

பெட்ரோல் பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பழைய கார் ஷெட்டுக்கு வந்தால், வேறு எதற்காக வந்திருந்தாலும், பெட்ரோல் லைன் ஹோஸை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள். வெடிப்பு விட்டிருந்தால் அது நெருப்பு சமாச்சாரம்.

பாகம் புதிதா, சென்னை புதுப்பேட்டையில் பழசாக எடுத்ததா என்பதைப் பில்லில் எழுதுங்கள். கதவுக் கண்ணாடி, கைப்பிடி, பம்பர் எல்லாம் பழசாக இருந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, காசு மிச்சம். பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் அது கூடாது.

தனி ஷெட் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும், கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உங்களைப் போன்ற வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதற்காக. வழக்கு அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போனது, அது வேறு கதை. விவரம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் மற்றவர் பாடு என்னவாகும் என்பதை அன்றைக்கு அனுபவித்தவர்கள் நீங்கள். வண்டிக்காரர்கள் உங்கள் முன்னால் அதே நிலையில்தான் நிற்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், தெரியும். ஒரு காரை ஒழுங்காகப் பார்க்க ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்று உங்களுக்கு ஒரு பைசா வருவதில்லை. "சும்மா ஒரு பார்வை பாருங்க" என்று வந்து நிற்கிறோம். பார்ப்பது இலவசம் என்றால், உங்கள் கூலி பாகம் மாற்றுவதில் இருந்துதான் வந்தாக வேண்டும். அப்போது எஸ்டிமேட் நீளாமல் என்ன செய்யும்? டாக்டர் மருந்து எழுதாமல் "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம். உங்கள் கண்ணுக்கும் அனுபவத்துக்கும் அப்படி ஒரு கட்டணம் இருக்க வேண்டும். ஐந்நூறோ ஆயிரமோ வாங்குங்கள். ரிப்பேரை உங்களிடமே செய்தாலும் சரி, செய்யாமல் போனாலும் சரி, அந்தக் காசைக் கழிக்காதீர்கள். கழித்தால் மறுபடியும் பழைய கதைதான். அதைக் கொடுக்க முனகுகிற வண்டிக்காரர்களிடம் நான் சண்டை போடத் தயார்.

கம்பெனி சென்டரில் இருக்கும் தம்பி தங்கைகளே, மாதாமாதம் டார்கெட் வைத்து உங்களை விரட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. டிகார்ப்பும் டிரெஸ்ஸிங்கும் நீங்களாகக் கண்டுபிடித்தவை இல்லை. ஆனாலும் எஸ்டிமேட்டை அனுப்பும் முன் ஒவ்வொரு வேலையின் பக்கத்திலும் "அவசரம்", "பிறகு" என்று குறிக்க எந்த மேனேஜரும் தடுக்க முடியாது. அதை மட்டுமாவது செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டுங்கள்.

வண்டியை விட்டுவிடுவது என்று முடிவானால் அங்கேயும் உங்கள் உதவி தேவை. தெரிந்த புரோக்கரிடம் தள்ளிவிட்டால், ஆர்சி பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடக்கும். நாளைக்கு அந்த வண்டி எங்காவது இடித்தால் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வரும். அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து அடுத்த காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லாமல் செய்யலாம், சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கும் மத்திய விதியில் இடம் இருக்கிறது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வண்டி முடிந்தது என்று நீங்கள் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் எந்த மையம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கட்டணம் எவ்வளவு என்று ஷெட் வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். எங்கள் தெருவில் பதினைந்தைத் தொடும் கார்கள் நிறைய நிற்கின்றன. ஒவ்வொருவரிடமும் பேசி உங்களிடம் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆல்ட்டோக்காரர்