மேல் குளத்துத் தண்ணீர்: மழை விட்டதும் செய்ய வேண்டியது

வணக்கம். குளம் செம்மண்ணாய்க் கலங்கிக் கிடக்கிறது. தெளியும்வரை தாங்கிக்குத் தண்ணீர் விட வேண்டாம். கலங்கலில் போடும் குளோரின் வீண்.

முதலில் உள்வாய்ச் சல்லடையைக் கழற்றுங்கள். சவுக்கு ஊசியும் பாசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும், வெளிப்புறமிருந்து பிரஷ் போடுங்கள். கழிவு வால்வைத் திறந்து, வாளியில் பிடித்தால் அடி தெரியும்வரை ஓடவிடுங்கள்.

5000 லீற்றர் தாங்கிக்கு 30 கிராம் குளோரின் தூள் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள். அடிச் சுண்ணாம்பு குழாயை அடைக்கும். அரை மணி கழித்து லயத்து வரிசை வீடுகளின் கடைசிப் பீலியில் (குழாயில்) சோதியுங்கள்: மிஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை இப்போது நீந்த விடாதீர்கள், ஆழம் தெரியாது. துவைப்பது அணைக்கட்டுக்குக் கீழே மட்டும். 1873இல் கட்டிய நுவரெலியா கிரகரி வாவியிலேயே வண்டல் சேர்கிறது. நம்முடையது சின்னக் குளம், சீக்கிரம் தூர்ந்துவிடும்.