கோட்டாற்றுக் கடையிலிருந்து அப்பா எழுதுவது

மக்களே,

நேற்று போனில், "கூடப் படிச்சவங்க கப்பல்ல போறாங்க, நான் விசாகப்பட்டினத்துல உட்கார்ந்து அரிசி, காய்கறிக் கணக்குப் பார்க்கிறேன்ப்பா" என்று சொன்னாயே, அது மனதை விட்டுப் போகவே இல்லை. கடையில் ஆள் நின்றதால் அப்போது பேச முடியவில்லை. இப்போது கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

உன் வேலைக்குப் பொருந்தும் ஒரு கதை சொல்கிறேன், கேள். நம் கடற்படையின் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நம்ம நாகர்கோவிலில் 1919-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரிலேயே வீரப்பதக்கம் வாங்கினார். 1961-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டையூவை மீட்டபோது ஐ.என்.எஸ். டெல்லி கப்பலின் கேப்டன். 1971 பாகிஸ்தான் போரில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை, அதாவது நீ இப்போது வேலை பார்க்கும் அதே கமாண்டுக்கு.

அந்த வருஷம் நம்மிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதற்கும் ஒரு பாய்லரில் விரிசல், வேகமாக ஓட முடியாது. அதைத் தேடி நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் கிளம்பியது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் நிற்கிறது என்று எதிரியை நம்ப வைத்தார். எப்படி? பழைய கப்பலான ராஜ்புத்தை விக்ராந்த் போலவே ரேடியோவில் பேச வைத்தார். விக்ராந்த் மாலுமி ஒருவர் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது போல ஒரு தந்தி போகவிட்டார். அப்புறம், இதைத்தான் நீ கவனிக்க வேண்டும், விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் ஏகப்பட்ட இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் கொடுத்தார்! அவ்வளவு பேர் சாப்பிடுகிற கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்று சந்தையே பேசட்டும் என்றுதான்.

இதை நான் சட்டென்று புரிந்துகொண்டேன். பிரதமன் பாயசத்துக்கு அடை பத்து கிலோ, அப்பளம் ஆயிரம் என்று ஒரு சீட்டு வந்தால், அந்த வீட்டில் கல்யாணம் என்று பத்திரிகை வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடுமே.

டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டா, காஸியே வைத்த கண்ணிவெடியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். உள்ளே 90-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரில் குண்டு போட்டன. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ஜெனரல் நியாசி சரணடைந்து கையெழுத்துப் போடும் அந்தப் போட்டோ இருக்கிறதே, அதில் பின்னால் நிற்பவர்களில் நம்ம ஊர்க்காரரும் ஒருவர்.

அதனால் அரிசிக் கணக்கு என்று இளப்பமாகச் சொல்லாதே மக்களே. யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற தகவலுக்கு எவ்வளவு விலை என்று கிருஷ்ணனுக்குத் தெரிந்திருந்தது. உன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு இண்டென்ட்டையும், அதாவது சாமான் கேட்டு வரும் சீட்டையும், அந்தக் கண்ணோடு பார், வெளியே வாய்விட்டுப் பேசாதே.

ஆர்.கே. பீச்சில் அந்தப் போரின் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் யூனிஃபார்மோடு போய் நின்று எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நேந்திரங்காய் சிப்ஸ் பார்சலில் வருகிறது, அம்மா வறுத்தது.

அப்பா